ஆம்பூருக்கு அணைக்கட்டு வழியாக

நல்ல ஆம்பூர் பிரியாணி எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் கடைப்பெயர் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை விடியும் முன்பே ஒடுகத்தூருக்குப் போய்ச் சேருங்கள் என்று சொல்வேன். சென்னையில் தெருவுக்குத் தெரு ஆம்பூர் பெயரில் பலகை தொங்குகிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் தாண்டியதுமே அந்தப் பெயர் வரிசையாக வர ஆரம்பித்துவிடுகிறது. அவற்றில் சாப்பிட்டவர்கள் பலரும் ஏமாற்றத்தோடுதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அந்த ஏமாற்றம் நியாயமானது. இலையில் விழுகிற சோறு எந்த மண்ணிலிருந்து கிளம்பி வந்ததோ அந்த மண்ணை ஒரு முறையாவது மிதித்தால், நல்லது எது என்பது நாக்குக்குத் தானாகவே பிடிபடும். அந்த மண் பெரும்பாலும் அணைக்கட்டு வட்டத்தில் இருக்கிறது.

ஒடுகத்தூர் வேலூர் மாவட்டத்தின் ஒரு பேரூராட்சி. தெற்கே ஜவ்வாது மலை எழுந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை இங்கே ஆட்டுச்சந்தை. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு போன்ற மலைக் கிராமங்களில் வளர்ந்த ஆடுகளும், சமவெளியின் கொல்லைமேடுகளில் மேய்ந்தவையும் இருட்டோடு இருட்டாக வந்து இறங்குகின்றன. ரம்ஜான், பக்ரீத், ஆடி, தீபாவளி சமயங்களில் கால்வைக்க இடமிருக்காது. மற்ற வாரங்களில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். வியாபாரிகள் ஆட்டைத் தராசில் ஏற்றுவதில்லை. முன்னங்கால்களுக்கு நடுவே கை கொடுத்து ஒரு தூக்குத் தூக்குவார்கள், முதுகுத்தண்டின் இரு பக்கமும் விரலை ஓட்டுவார்கள், உதட்டைப் பிதுக்கிப் பல் பார்ப்பார்கள். பிறகு, "கறி எட்டு கிலோ நிக்கும்" என்பார்கள். உரித்து எடை போட்டால் அரைக்கிலோ முன்பின் இருக்கலாம், அவ்வளவுதான்.

ஒரு வியாபாரி என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாண்ணா, பிரியாணிக்கா, கொழம்புக்கா?"

பிரியாணிக்கு என்றதும் அவர் கை வேறு ஆட்டுக்குப் போனது. "அப்ப பல்லு போடாததா பாருங்க. கொழம்புன்னா முத்துனது வெந்துக்கும். பிரியாணியில அதுக்கு நேரம் கெடைக்காது."

ஆம்பூர் முறையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பதில் பெரிய உதவி. அங்கே கறியும் அரிசியும் ஏறக்குறையச் சம எடை. மசாலா குறைவு. கறி தன் சுவையில்தான் நிற்க வேண்டும். கரம் மசாலாவை அள்ளிப் போட்டு முற்றின கறியை மூடி மறைக்கிற வேலை அந்தப் பாத்திரத்தில் நடக்காது. இளங்குட்டியாக இருக்க வேண்டும், கொழுப்பு அளவோடு இருக்க வேண்டும், காட்டுத்தழை தின்று ஓடியாடி வளர்ந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. மலை ஆட்டுக்கு இங்கே தனி மதிப்பு இருப்பது அதனால்தான்.

மலையிலிருந்து ஆடு இறங்கி வந்துவிடுகிறது. மனிதர்கள் இறங்கி வருவது அவ்வளவு சுலபமாக இருந்ததில்லை. 2023 மே மாதம் இதே அணைக்கட்டு வட்டத்தில், அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லையில், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையை மருத்துவமனைக்கு நேரத்தில் கொண்டு சேர்க்கப் பாதை இல்லை. குழந்தை இறந்துபோனது. உடலோடு திரும்பிய ஆம்புலன்ஸும் மேலே ஏற முடியாமல் பாதியில் நின்றது. தாய் தன் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு மலைப்பாதையில் நடந்தார். சாலைக்கான பேச்சு வேகமெடுத்ததே அதன் பிறகுதான். சந்தையில் நின்று மலை ஆட்டின் ருசியைப் பற்றிப் பேசுகிறபோது அந்தப் பாதையை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

ஒடுகத்தூரிலிருந்து அணைக்கட்டு வந்து, அங்கிருந்து இலவம்பாடி. இந்தப் பயணத்தின் நடுப்பகுதி இதுதான். என் மனதும் இங்கேதான் அதிகம் நிற்கிறது.

ஆம்பூர் பிரியாணிக்கு இரண்டு துணை உண்டு. ஒன்று தயிர் வெங்காயம், அது எல்லா ஊரிலும் இருக்கிறது. மற்றொன்று கத்திரிக்காய் பச்சடி. ஹைதராபாதில் பிரியாணிக்கு மிளகாய் சாலன் வைப்பார்கள். வடஆற்காட்டில் அந்த இடம் கத்திரிக்காய்க்கு. அதுவும் எந்தக் கத்திரிக்காயும் இல்லை, முள்ளுக் கத்திரிக்காய். அதன் தாய்வீடு அணைக்கட்டு ஒன்றியத்து இலவம்பாடி. 2023 பிப்ரவரியில் வேலூர் முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குக் கிடைத்ததும் அதே சமயத்தில்தான்.

செடி பார்க்கச் சாது. கிட்டப் போனால் தண்டில் முள், இலை நரம்பில் முள், காயின் காம்பிலும் தொப்பியிலும் முள். காய் உருண்டு நீண்ட முட்டை வடிவம். கத்திரிப்பூ நிறம் பளபளப்பாக ஓடி, சில இடங்களில் வெளுத்துப் போகும். பறிக்கிறவர்கள் கையில் பழந்துணி சுற்றியிருக்கிறார்கள். அப்படியும் விரல் நுனியெல்லாம் கீறல்.

வரப்பில் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த வயதான பெண்ணிடம் கேட்டேன்: "ஆயா, இது இலவம்பாடிக் காய்தானா, இல்ல கடையில வாங்குன நாத்தா?"

அவர் கூடையை என் பக்கம் தள்ளினார். "தொட்டுப் பாரு தம்பி. குத்துச்சினா எங்க ஊரு காயி."

குத்தியது. அந்த முள் விறைப்பாக நிற்பதுதான் காய் அன்று பறித்தது என்பதற்கும் அடையாளம். நாள் ஆக ஆகத் தொப்பி வாடி முள் வளைந்து கொடுத்துவிடும். அவர் ஒரு காயை நகத்தால் கீறிப் பிளந்து காட்டினார். விதை கொஞ்சம்தான், அதுவும் பிஞ்சாக, சதையோடு ஒட்டியபடி. வெளியே விற்கிற பல கத்திரிக்காய்களில் விதை திரண்டு கசப்பு ஏறியிருக்கும். எவ்வளவு புளி ஊற்றினாலும் அந்தக் கசப்பு போகாது. இந்தக் காயின் சதை எண்ணெயில் குழைந்து கரைகிறது, தோல் மட்டும் வடிவம் கெடாமல் நிற்கிறது. பச்சடிக்குத் தேவையானது இந்த இரண்டு குணமும்தான்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் விரிஞ்சிபுரம். மதிலழகுக்குப் பேர்போன மார்க்கபந்தீஸ்வரர் கோயில் அங்கே. வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான். இலவம்பாடி நாட்டு வகையிலிருந்து தேர்ந்தெடுத்து அந்த நிலையம் வி.ஆர்.எம்.-1 என்ற ரகத்தை வெளியிட்டது. ஒரு ஊர்க் காயைப் பல்கலைக்கழகம் மதித்து எடுத்துக்கொண்டதில் இலவம்பாடிக்காரர்களுக்குப் பெருமை உண்டு. ஆனாலும் விதையை வீட்டிலேயே எடுத்து, சாம்பல் கலந்து காயவைத்து, அடுத்த நடவுக்கு வைத்துக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செடியில் நன்றாகக் காய்த்த ஒன்றிரண்டை மட்டும் பறிக்காமல் விட்டுப் பழுக்கவைப்பது அதற்காகத்தான்.

கத்திரிக்கு எமன் குருத்துத் துளைப்பான், காய்த் துளைப்பான் என்று இரண்டு பெயரில் வருகிற ஒரே புழு. மேலே தளிரைத் துளைக்கும், பிறகு காய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே ஒரு சின்ன ஓட்டைதான் தெரியும். இதே புழுவைச் சாக்காக வைத்துத்தான் மரபணு மாற்றிய பி.டி. கத்திரிக்காய் வந்தது. 2010 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. புழு நிற்கவில்லை. மருந்து அடிக்காமல் விட்டால் பாதிக் காய் சொத்தை, அடித்தால் செலவு. விலை விழுகிற வாரத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாது. முள் இல்லாத வீரிய ரகம் பறிக்கச் சுலபம், காய்ப்பும் ஒரே சீர். அப்படியிருக்க முள்ளைக் கட்டிக்கொண்டு ஏன் அழவேண்டும் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். புவிசார் குறியீடு வாங்கிய பெருமை சுவரில் சான்றிதழாக இருக்கிறது. மண்டியில் இந்தக் காய்க்கும் மற்ற காய்க்கும் விலையில் கணிசமான வித்தியாசம் வராதவரை அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை.

பள்ளிகொண்டா வந்ததும் பாலாறு. நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைக் கொஞ்ச தூரம் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று வருகிற ஆறு. பெரும்பாலான நாளில் மணலும் சீமைக்கருவேலமும்தான். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டுப் போனதை ஊர்க்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

இந்த ஆற்றங்கரையில் தோல் தொழில் வேர்பிடித்ததற்குத் தண்ணீர் ஒரு காரணம், ஆவாரம்பட்டை இன்னொன்று, ஜவ்வாது மலைக் கடுக்காய் மூன்றாவது. பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டியில் வாரக்கணக்கில் கிடந்து பதமான தோலை உலகம் ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல் என்று அறிந்தது. அதற்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. 1970-களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யாமல் முழுமையாக்கி அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு முடிவெடுத்தது. வேலை பெருகியது, அந்நியச் செலாவணி பெருகியது. தொட்டிகளில் பட்டைக்குப் பதிலாகக் குரோமியம் வந்தது. அதன் கழிவு ஆற்றுக்கும் நிலத்தடிக்கும் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே இழப்பைத் தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஆழமாக ஊன்றிய தீர்ப்பு அது. தோல் தொழிற்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற ஆய்வுக் கணக்கு அதில் பதிவாகியிருக்கிறது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் பாலாற்றுக்காக ஒரு குழுவை அமைக்கச் சொல்லி, வழக்கைத் தன் கண்காணிப்பிலேயே வைத்துக்கொண்டது.

பாலாற்றுக்குத் தெற்கே, மலை பார்த்த பக்கத்தில் இருந்ததால் இலவம்பாடியின் கத்திரிச்செடிக்கு இன்னும் நல்ல மண்ணும் கிணற்று நீரும் இருக்கின்றன. அந்த 35,000 ஹெக்டேரில் என்னென்ன காய், என்னென்ன நெல் தன் ஊர்ப்பெயரோடு விளைந்து மறைந்ததோ, அவற்றுக்குக் குறியீடு கேட்டு விண்ணப்பிக்க ஆளும் இல்லை, விதையும் இல்லை.

ஆம்பூரில் பிரியாணியின் ருசிக்குக் காரணம் கேட்டால் வயதானவர்கள் பாலாற்றுத் தண்ணீர் என்று சொல்வார்கள். காலணி ஏற்றுமதி வேலையாக அடிக்கடி வெளிநாடு போகும் நண்பர் ஒருவர் இந்தப் பயணத்தில் கூட வந்தார். அவர் நியூயார்க்கிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறார். அங்கே பேகல் என்று ஒரு வளைய ரொட்டி. கோதுமை மாவை இறுக்கமாகப் பிசைந்து, வளையமாக்கி, இரவெல்லாம் குளிரில் புளிக்கவிட்டு, காலையில் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, பிறகு அடுப்பில் சுடுவார்கள். வெந்நீரில் மாவின் மேற்பரப்பு இறுகிவிடுவதால் வெளியே பளபளக்கும் தோல், உள்ளே பல்லுக்கு வேலை தரும் சதை. போலந்து நாட்டு யூதர்கள் கொண்டுபோன பண்டம். எங்கள் ஊர்த் தண்ணீரில் செய்தால்தான் அது பேகல் என்பார்கள் நியூயார்க்வாசிகள். கனடாவின் மாண்ட்ரியலில் தேன் கலந்த நீரில் வேகவைத்து, விறகு அடுப்பில் சுட்டு, எங்களுடையதே அசல் என்பார்கள். போலந்தின் கிராகோவ் நகரத்துத் தெருக்களில் விற்கும் அதன் உறவுக்கார வளையத்துக்கு 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. பெயர் ஒப்வஜானெக்.

"நல்ல பேகல் எங்க கெடைக்கும்னு அங்க கேட்டா, கடையோட பேரைவிட முக்கியமா நேரத்தைத்தான் சொல்வாங்க" என்றார் நண்பர். சுட்ட சில மணி நேரத்தில் அது இறுகிப்போகும். ஒரு காலத்தில் நியூயார்க்கில் லோக்கல் 338 என்ற தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவர்கள்தான் கையால் உருட்டிச் செய்தார்கள். 1960-களில் இயந்திரம் வந்தது, உறைய வைத்துப் பையில் அடைத்து நாடெங்கும் அனுப்பும் வியாபாரம் வந்தது. பேகல் எல்லா ஊருக்கும் போனது. வெந்நீரில் போட்டு எடுப்பதைப் பலர் விட்டுவிட்டார்கள், ஆவி காட்டினால் போதும் என்றார்கள். வளையம் இருந்தது, பெயர் இருந்தது, பல்லுக்கு வேலை இல்லாமல் போனது.

ஆம்பூர் பிரியாணிக்கும் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. தண்ணீரைக் காரணம் காட்டுவதை நான் ஏற்கவில்லை. இன்று ஆம்பூரின் குடிநீர்க் குழாயில் மேட்டூரிலிருந்து கொண்டுவந்த காவிரி வருகிறது. முறையை விடாத கடையில் ருசி அப்படியே இருக்கிறது. கைவிடப்பட்டவை வேறு. கரையாத ஒரு கத்திரிக்காயைப் போட்டுப் பச்சடி என்பது, மிளகாய் விழுதுக்குப் பதிலாகத் தூள் கொட்டுவது, காலையில் இறக்கியதை மாலை வரை சூடுகாட்டி விற்பது. பெயர் ஊரைவிட்டுப் போகும்போது கூடவே கத்திரிக்காய் போகவில்லை.

ஆம்பூர் வந்து சேர்ந்தபோது காலை பத்தரை. இந்த ஊர்ச் சரித்திரத்தில் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. 1749 ஆகஸ்ட் 3 அன்று இங்கேதான் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான், சந்தா சாகிப் தரப்போடும் பிரெஞ்சுப் படையோடும் மோதி உயிரிழந்தார். அந்த நவாப் அரண்மனைச் சமையல்காரர்கள் வழியாகத்தான் பிரியாணி இந்தப் பக்கம் வந்தது என்பார்கள். ஊரின் பழைய கடைகளில் ஒன்றான ஸ்டார் பிரியாணியின் குடும்பத்தார் தங்கள் தொழில் 1890-இல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். வாணியம்பாடிக்காரர்களோ அசல் எங்களுடையது என்பார்கள். அந்த வழக்கைத் தீர்க்க நான் வரவில்லை. வடஆற்காட்டு முஸ்லிம் வீட்டுக் கல்யாணப் பந்திகளில் பல தலைமுறையாகக் கைபழகி வந்த சமையல் இது, கடைகள் அதைக் காசுக்குக் கொடுத்தன என்பதுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு கடையின் பின்கட்டில் நின்று பார்க்க அனுமதித்தார்கள். விறகடுப்பில் பெரிய தேக்சா. காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து அரைத்த விழுதுதான் காரத்துக்கும் நிறத்துக்கும். மிளகாய்த்தூளுக்கு ஒரு வறட்டு நெடி உண்டு, இதில் அது கிடையாது. இஞ்சி பூண்டு, வெங்காயம், தக்காளி, தயிர், புதினா, கொத்தமல்லி. பட்டை கிராம்பு ஏலக்காய் கணக்காக. கறி இந்த மசாலாவில் முக்கால் பதம் வெந்துகொண்டிருக்கும்போது, பக்கத்து அடுப்பில் சீரகச் சம்பா அரிசி தனியாகக் கொதிக்கிறது. அரிசி பாதி வெந்ததும் வடித்து, கறியின் மேல் கொட்டி, ஒரே ஒரு முறை அடி மேலாகப் புரட்டி, மூடி, மூடியின் மேல் தணலை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். மேலேயும் கீழேயும் மெல்லிய சூடு. சீரகச் சம்பா சின்ன அரிசி. பாஸ்மதிபோல நீண்டு பகட்டாது, மசாலாவை உள்ளே இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் கூடுதலாக வெந்தால் குழைந்துவிடும் என்பதால் தம் போட்ட பிறகு மாஸ்டர் அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை.

"பாய், எப்ப தம் உடைப்பீங்க?"

"பதினோரு மணிக்கு உடைச்சிருவோம் சார். ரெண்டு மணிக்கு வர்றவங்க சாப்பிடுறது வேற பிரியாணி. நான் போட்டதுதான், ஆனா வேற."

இன்னொரு அடுப்பில் பச்சடி. காம்பை நீக்கிக் கீறிய முள்ளுக் கத்திரிக்காய் எண்ணெயில் நிதானமாக வதங்குகிறது. அது சுருண்டு நிறம் மாறியதும் புளிக்கரைசல், மிளகாய், வறுத்து அரைத்த எள். எண்ணெய் மேலே பிரிந்து வரும்வரை விட்டுவிடுகிறார்கள். பிரியாணியைப் பற்றி வரும் எழுத்துகளில் இந்த அடுப்புக்குக் கடைசி வரியில்தான் இடம் கிடைக்கிறது. எனக்கு அது வருத்தம். சோற்றில் மசாலாவை அடக்கி வைத்திருக்கிற துணிச்சலே இந்தப் பச்சடி பக்கத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் வருவதுதான். புளிப்பும் எள்ளின் கனமும் கறிக்கொழுப்பை வெட்டி, அடுத்த பிடிக்கு நாக்கைத் தயார் செய்கின்றன. பச்சடி தேறவில்லை என்றால் அந்தச் சோறு சப்பென்றாகிவிடும். சென்னையில் ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டு, காரசாரமே இல்லையே என்று குறைசொல்பவர்கள் உண்மையில் கத்திரிக்காயின் குறையைத்தான் சொல்கிறார்கள்.

தம் உடைத்தார்கள். மூடியைத் தூக்கியதும் புதினாவும் கறியும் கலந்த ஆவி. சோறு செந்நிறமும் வெள்ளையுமாகப் பிரிந்து நின்றது. இளங்கறி எலும்பை விட்டுக் கழன்றது. பச்சடியில் காயைத் தேடினால் தோல்தான் கையில் வந்தது, சதை முழுதும் கரைந்து குழம்பாகியிருந்தது. காலையில் என் விரலைக் குத்திய காய் இதுவேதான் என்று சொல்ல முடியாது. அதே சாதி என்று சொல்ல முடியும்.

ஆம்பூரில் மாட்டுக்கறிப் பிரியாணியும் உண்டு, காலங்காலமாக உண்டு. தோல் பதனிடும் ஊரில், காலணி ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் ஷிப்டு பார்க்கும் ஊரில், கைக்கு எட்டுகிற விலையில் ஒரு தட்டு நிறையச் சோறும் கறியும் தருவது அதுதான். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது அதில் மாட்டிறைச்சிக்கு இடம் தரவில்லை. எதிர்ப்பு எழுந்தது. மழை எச்சரிக்கையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான மாநில ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. ஊரின் பெயரில் விழா எடுத்துவிட்டு, அந்த ஊரின் உழைப்பாளிகள் உண்பதை வாசலுக்கு வெளியே நிறுத்தியது தவறு என்றே நினைக்கிறேன். நண்பர் அந்தப் பிரியாணியைத்தான் வாங்கினார். பச்சடி அதற்கும் அதே பச்சடிதான்.

2019-இல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். நவாபின் ஆற்காடும் அதன் மக்கன் பேடா இனிப்பும் ராணிப்பேட்டைக்குப் போயின. ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போனது. ஒடுகத்தூர் சந்தையும் இலவம்பாடிக் கொல்லையும் வேலூரிலேயே தங்கின. ஒரே இலையில் இருந்தவை மூன்று ஆட்சியர் அலுவலகங்களின் கீழ் வந்துவிட்டன. திருவிழாவை ஒரு மாவட்டம் அறிவிக்கிறது, கத்திரிக்காய்க்குக் குறியீடு இன்னொரு மாவட்டத்தின் பெயரில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பேச ஓர் அலுவலகம் இல்லை. அடுத்த முறை விழா நடந்தால் இலவம்பாடி விவசாயிகளுக்கு அங்கே ஒரு கடை வேண்டும், முள்ளோடு கூடிய காயைக் கூடையில் வைத்து அவர்களே விற்க வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா தொழுகைக்கு முன்பே சாப்பிட்டுவிடுவது நல்லது. பலகையின் அளவைப் பார்க்காமல், பின்கட்டில் விறகடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். தம் எப்போது உடைத்தார்கள் என்று கேளுங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் அடுத்த தேக்சாவுக்குக் காத்திருங்கள். பச்சடி இன்னொரு கரண்டி கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கேட்கும்போது, இது இலவம்பாடிக் காயா என்றும் சேர்த்துக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் மண்டியில் அந்தக் காயைப் பெயர் சொல்லிக் கேட்பார். மண்டியில் பெயர் சொல்லிக் கேட்டால்தான் அதற்குத் தனி விலை பிறக்கும்.